பாதைக்குப் போட்ட பத்துக் கற்கள்

கேட்டிலிருந்து மூன்றாவது கல் மட்டும் காயவே இல்லை.

தை மாதம். பொகவந்தலாவைப் பக்கம் வருடத்தில் நாலைந்து வாரம்தான் இப்படி ஒரு வெயிலைப் பார்க்கலாம். விடியும்போது புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருக்கும், பத்து மணிக்கெல்லாம் கூரைத் தகரம் சூடேறிச் சடசடக்கத் தொடங்கிவிடும். கொடியில் போட்ட துணி காய்ந்தது, அடுக்கிவைத்த விறகு காய்ந்தது, பின்பக்கம் நட்ட கோவா வாடித் தலையைத் தொங்கப் போட்டது. கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பதித்த பத்துக் கருங்கல்லில் ஒன்பது வெளுத்துக் கிடக்க, அந்த ஒன்று மட்டும் யாரோ இப்போதுதான் கழுவி ஊற்றிவிட்டுப் போன மாதிரி கறுத்துக் கிடந்தது.

பிரேமினிக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்பது மாத வயிற்றோடு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, வாசலில் நின்று அந்தக் கல்லை முறைத்தாள். தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டு அதன் மேலேயே கல்லைப் பதித்து மூடியிருப்பான் இந்த மனிதன் என்று நினைத்தாள். அவள் புருஷன் விஜிதரன் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுபவன். லொறியை மட்டும்தான் உருப்படியாக ஓட்டுவான். மற்ற எந்த வேலையைத் தொட்டாலும் அரைகுறை.

இந்தப் பாதை விஷயத்தில் அவனை அவள் மன்னிக்கவே இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆனி மழையில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தவள், கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த செம்மண் சரிவில் வழுக்கி விழுந்தாள். அப்போது ஏழு மாதம். பக்கத்து வீடு கூரை போடாமல் கிடந்தது, இப்போதும் அப்படியேதான் கிடக்கிறது. கத்தியும் கேட்க ஆளில்லை. சேற்றில் ஒரு மணி நேரம் கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த அன்று அவள் அழவில்லை. முதலில் பாதையைப் போடுங்கள், அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றிப் பேசலாம் என்று மட்டும் சொன்னாள்.

கல் வாங்க அவளேதான் பஜாருக்குப் போனாள். ஹார்ட்வெயார் கடை ராமநாதன் முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, செருப்புக் காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கடைப் பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். பளபளப்பான டைல் பேச்சுக்கே இடமில்லை. வழவழவென்று பூசிய சீமெந்துப் பலகையில் மூன்று மாத மழைக்குள் பாசி பிடித்துவிடும். ஆற்றுக் கூழாங்கல் அழகுதான், காலுக்கடியில் உருளும். செங்கல் இந்த ஈரத்தில் பிட்டு மாதிரி உதிரும். கடைசியில் சொரசொரப்பான முகம் வைத்த சாம்பல் நிற இன்டர்லொக் கல்லைத் தேர்ந்தெடுத்தாள். அடியில் மணல் போட்டு இறுக்கினால் மழைத் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், கால் வழுக்காது. விஜிதரன் கடை வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து லொறியில் பத்துப் பழைய கருங்கற்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஹட்டன் பக்கம் ஒரு பழைய பங்களாவை உடைக்கிறார்களாம், அங்கே படியாகக் கிடந்ததாம். அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். பிறகு கற்களைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒவ்வொன்றும் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், உளியால் கொத்திய முகம். தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள், கால் அசையவில்லை. சரிவின் குறுக்கே, கல்லுக்குக் கல் ஒரு எட்டு வைக்கும் தூரத்தில், கீழே கேட்டிலிருந்து மேலே வாசல் வரைக்கும் வரிசையாகப் பதித்தான். கடைசிக் கல்லைக் கதவை ஒட்டி வைத்தான். அதற்கு மட்டும் அரை நாள் எடுத்துக்கொண்டு, மட்டப்பலகை வைத்து, துடைத்துத் துடைத்துப் பதித்தான். கேட்காமல் செய்த கோபம் அவளுக்குள் அப்படியே இருந்தாலும், பாதை நல்ல பாதைதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

அந்த ஈரக் கல்லை முறைத்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கீழே பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. தேயிலை மலை, ரோடு, கேட் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து ஜன்னல் கண்ணாடியில் ஈரமாகப் படிந்தது. பிரேமினி உள்ளே உட்கார்ந்து பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வாளியிலிருந்து கோப்பையால் மொண்டு, மொண்டு, காலில் ஊற்றும் சத்தம். பிறகு கல்லின் விளிம்பில் பாதத்தைத் தேய்க்கும் சத்தம், முதலில் ஒரு கால், பிறகு மற்றக் கால், நடுவில் இடுப்பு வலியோடு விடும் ஒரு பெருமூச்சு. பச்சைக் கொழுந்து வாசமும் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கு நனைந்த வாசமும் அட்டைக்காகக் காலில் பூசும் சவர்க்காரத்தின் வாசமும் கதவிடுக்கு வழியாக வந்தன.

தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்தை விளக்கத் தேவையில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தின் வாசற்படியில் நின்றுதான் சேற்றைக் கழுவுவார்கள், அட்டையைப் பிடுங்கி எறிவார்கள், அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பார்கள். ஆனால் இங்கே லயம் ஏது? ஆளுக்கு ஏழு பேர்ச் காணியில் புதிதாகக் கட்டிய தனி வீடுகள், அதிலும் இது ஆகக் கடைசி வீடு. அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மூன்றாவது கல்லில் இருந்து தண்ணீர் புதிதாக வழிந்துகொண்டிருந்தது. கல்லின் ஓரத்தில் இரத்தம் குடித்து உப்பிய அட்டை ஒன்று சுருண்டு கிடந்தது.

இந்த வெயில் காலத்தில் அட்டை எங்கிருந்து வந்தது? அவள் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

மறுநாள் ஐந்தாவது கல்லும் எட்டாவது கல்லும் நனைந்திருந்தன. அதற்கடுத்த நாள் முதலாவது, நாலாவது, ஆறாவது. விஜிதரனிடம் சொன்னாள். பனியாக இருக்கும் என்றான். பனி சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து கால் கழுவுமா என்று கேட்டாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கடைசிக் கல் நனைந்ததா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் முகம் ஏன் வாடியது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

புரிந்தது புதன்கிழமை மத்தியானம். அதற்குள் எட்டுக் கற்கள் ஈரம். இரண்டாவதும் கடைசியும் மட்டும் காய்ந்து கிடந்தன. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கல்லோரமாக உப்புத் தூவிக்கொண்டு வந்தவள், ஒரு கல்லின் வலது விளிம்பில் சின்னக் குழி ஒன்றைப் பார்த்தாள். அகப்பை மாதிரி வழவழப்பாகத் தேய்ந்த குழி. அடுத்த கல்லைப் பார்த்தாள். அதிலும் வலது பக்கம். அதற்கடுத்ததிலும். பத்திலும் இருந்தது.

நல்லதண்ணித் தோட்டத்தில் அவள் பிறந்த லயத்திலும் அப்படி ஒரு குழி இருந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் அவளுடைய அப்பா தினமும் விடியற்காலையில் வாசற்படியில் குந்தி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா அதே இடத்தில் தீட்டினார். ஐம்பது, அறுபது வருடம் தீட்டினால்தான் கருங்கல் இப்படிக் குழியும். பங்களாப் படியில் எந்தத் துரை குந்தி உட்கார்ந்து கத்தி தீட்டினான்?

உப்புப் பேணியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். அதற்குப் பின்னால் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு ஆறரை மணி வரை காத்திருந்தாள்.

"இது மேற்கணக்கு லயத்து வாசப்படிங்கதானே?"

விஜிதரன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். இரண்டையும் கழற்றிச் சுவரோரம் வைத்தான். பிறகு ஆமாம் என்றான்.

தோட்டத்தின் மேல் மலைப் பிரிவான மேற்கணக்கு லயத்தைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவர்கள் கல்யாணம் கட்டுவதற்கு ஒரு வருடம் முந்தி, ஐப்பசி மழையில், பத்துக் காம்பரா லயத்தின் மேல் மலை சரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஆண்கள் வீட்டுக்கு வரவில்லை, பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள். மடுவத்திலிருந்து வந்த பெண்கள் மட்டும் வாசற்படியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது காம்பராக் குடும்பம் கொழும்புக்குப் போயிருந்ததால் அது பூட்டிக் கிடந்தது. மற்ற ஒன்பது காம்பராவிலும் வீட்டுக்கு ஒருத்தி. மண் வீடுகளையும் அவர்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்துக்குப் போனது. வாசற்படிகள் மட்டும் நட்ட இடத்திலேயே நின்றன. ஒருவர் உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் மரணப் பத்திரம் தர முடியாது, காணாமற்போனவர்கள் என்றுதான் எழுத முடியும் என்று அலுவலகத்தில் மூன்று வருடமாக அலையவிட்டார்கள். அந்த ஒன்பது பேரில் விஜிதரனின் தாய் பேச்சியம்மாவும் ஒருத்தி. பிரேமினி அவளைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

கருமாதி செய்தீர்களா என்று கேட்டாள். அதற்குத்தான் அவன் வெடித்தான். "செத்துட்டாங்கன்னு யாரு சொன்னா? கடுதாசி குடுத்தாங்களா? கடுதாசியே இல்லாம நான் எப்புடி எங்கம்மாவுக்குக் கருமாதி வைக்கிறது?"

யாருமே வைக்கவில்லையாம். ஒன்பது வீட்டிலும். கருமாதி முடியும் வரைக்கும் செத்தவர் வாசற்படியை விட்டுப் போகமாட்டார், படியில் வைக்கிற தண்ணீரைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருப்பார் என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். தோட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது. அது தெரிந்தே இவன் படியைப் பெயர்த்திருக்கிறான்.

"எங்கம்மா கையில எட்டுப் புள்ளைங்க பொறந்திருக்கு," என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, லயத்துல, மலையில. ஒண்ணுகூடத் தவறல. அவங்க இருந்திருந்தா போன புள்ள தங்கியிருக்கும். இந்தப் புள்ளைக்காவது அவங்க வரட்டும்னுதான் எங்க படிய வாசல்ல வச்சேன்."

அவள் வயிற்றை, அவள் பிள்ளையை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மண்ணுக்குள் கிடக்கும் ஒருத்தியிடம் ஒப்படைக்கப் பார்த்திருக்கிறான்.

"சரி, உங்கம்மா. மத்த ஒம்பது படியையும் எதுக்குப் பேத்துக்கிட்டு வந்தீங்க?"

"ஒத்தக் கல்லுல பாதை போட முடியுமா?" என்றான் விஜிதரன். "மத்ததெல்லாம் வெறும் கல்லுதானே பிரேமி."

அடுத்தவர் வீட்டு வாசலை வெறும் கல் என்று நினைக்க அவனால் முடிந்திருக்கிறது. அவள் கையில் இருந்த உப்புப் பேணியை அவன் மேலேயே வீசினாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். உங்கம்மா கல்லையும் என்றாள். அவன் சிதறிய உப்பைக் கூட்டத் தொடங்கினான். அன்று இரவு கடைசிக் கல்லில் ஒரு செம்புத் தண்ணீரும் விளக்கும் இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எட்டி உதைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. கதவைத் திறக்கத்தான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, வலி வந்துவிட்டது.

நாலரை மணி. கணக்குக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. லீவில் வீட்டில் இருந்த விஜிதரன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ரோட்டு வளைவுக்குப் போனால்தான் சிக்னல். ஆட்டோவை வரச் சொல்லிக் கையோடு கூட்டி வருகிறேன், கால் மணி நேரம், நீ கேட்டுக்குக் கிட்ட வந்து நில்லு என்றான். அவன் கற்களின் மேல் தாவித் தாவி இறங்கிப் போவதை அவள் பார்த்தாள். கேட் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. பிறகு மூட்டம் வந்தது.

முதலில் கேட்டை மூடியது. பிறகு முதல் கல், இரண்டாவது கல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுநிலையைப் பிடித்தபடி அவள் ஒரு வலி போகும் வரை பொறுத்தாள். முப்பதே அடி. பத்து எட்டு. பத்தே எட்டு வைத்தால் கேட், கேட்டுக்கு அப்பால் ரோடு, ரோட்டில் ஆட்டோ, ஆஸ்பத்திரி. இந்தப் பிள்ளை அங்கேதான் பிறக்க வேண்டும், வெளிச்சத்தில், உயிருள்ள கைகளில். கற்களுக்கு இரண்டு பக்கமும் அதே செம்மண். அதில் அவள் இனிச் சாகும் வரை கால் வைக்கப் போவதில்லை.

தண்ணீர்ச் சத்தம்.

ஒரு இடத்திலிருந்து வரவில்லை. எட்டு இடத்திலிருந்து வந்தது. மொண்டு ஊற்றும் சத்தம், தேய்க்கும் சத்தம், பெருமூச்சு. மூட்டத்துக்குள் குனிந்த முதுகுகள் தெரிந்தன. இடுப்பில் படங்கு. தலையில் துணி. கல்லுக்கு ஒருத்தியாகக் குனிந்து நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவக் கழுவச் சேறு வந்தது. முழங்காலிலிருந்து வந்தது, இடுப்பிலிருந்து வந்தது, முடியிலிருந்து வந்தது. எவ்வளவு ஊற்றினாலும் தீரவில்லை. எல்லோரும் வீட்டைப் பார்த்தே நின்றார்கள்.

பயத்தில் அவள் கதவுநிலையை இறுக்கிக் கட்டிப் பிடித்தாள். ஆனால் அடுத்த வலி வந்து இடுப்பைப் பிடித்து முறுக்கியபோது, பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக எழுந்தது. தன் பாதையில் நிற்கிறார்கள். தன் பிள்ளைக்கும் ரோட்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

"தள்ளுங்க," என்று கத்தினாள். "வழிய விடுங்க. எனக்கு வலி எடுத்திருச்சு."

சொல்லியிருக்கக் கூடாது.

லயத்தில் ஒருத்திக்கு வலி என்று காதில் விழுந்தால் எந்தப் பெண்ணும் தன் வாசலில் நிற்கமாட்டாள். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடி வருவாள்.

எட்டு முதுகுகளும் நிமிர்ந்தன.

பிரேமினி கதவை அடைத்தாள். தாழ்ப்பாள் போட்டாள். பின்னாலேயே நகர்ந்து போய்ச் சுவரில் முட்டி நின்றாள். வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. காலடிகள். கல்லுக்குக் கல். சப், சப். அவசரம் இல்லாமல். பிறகு அதுவும் நின்றது. மிக அருகில், கதவுக்கு அந்தப் பக்கம், ஒரே ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஒரு கால் தேய்த்தது. மற்றக் கால் தேய்த்தது.

கடைசிக் கல்.

கதவைத் தட்டவில்லை. பிள்ளை பெறுகிற வீட்டில் யாரும் தட்டமாட்டார்கள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவுக்கு அடியில் இருந்து செந்நிறத் தண்ணீர் வந்தது. பிறகு அவர்கள் உள்ளே இருந்தார்கள்.

பாயை விரித்தார்கள். அவளைப் படுக்க வைத்தார்கள். உதறினாள், கடித்தாள், காறித் துப்பினாள். கோபித்துக்கொள்ளவில்லை. முதல் பிள்ளைக்காரிகள் எல்லோரும் இப்படித்தான் என்று பழகிய கைகள். குளிர்ந்த கைகள். ஒருத்தி அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் சேறு சொட்டியது. யாரும் பேசவில்லை. வாய் திறந்திருந்தது. எல்லா வாயிலும் மண்.

ரோட்டில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம். கேட். கற்களின் மேல் ஓடி வரும் கால்கள், சப்பாத்துக் கால்கள், உயிருள்ள கால்கள். அவள் இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி அவன் பெயரைக் கூப்பிட்டாள். வெளியே கதவை இடித்தான். தாழ்ப்பாள் பிய்ந்தது. வாசலில் விஜிதரன் நின்றான். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அம்மா," என்றான்.

அவன் முகத்தில் கண்ணீர் வழிந்தது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் பார்க்காத சிரிப்பு. உள்ளே ஓர் அடி எடுத்து வைத்தவன், சுற்றி இருந்த பெண்களைப் பார்த்து, என்னவோ நினைவு வந்தவன் போலக் கூச்சத்தோடு காலைப் பின்னால் எடுத்தான். ஆண்கள் வெளியேதான் நிற்க வேண்டும். லயத்து வழக்கம் அது. அவன் கதவை மெதுவாகச் சாத்தினான்.

பிரேமினி பல்லைக் கடித்தாள். முக்கக் கூடாது. எலும்பு உடைந்தாலும் முக்கக் கூடாது. இது என் பிள்ளை. விடமாட்டேன். வலி வந்தது. விடமாட்டேன். இன்னும் பெரிதாக வந்தது.

அவள் முழங்கால்களுக்கு நடுவில், படத்தில் பார்த்த முகம், மண் ஒழுகும் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு, தலை தெரிகிறதா என்று குனிந்து பார்த்தது.